இரண்டு கல்லும் ஒரு காரும்

பிச்சைமுத்துவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. இருந்தாலும் அவன் செய்த வேலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். திருச்சியில் அந்த மாதிரி ஒரு காரை வேறு யாரும் கட்டியதில்லை.

எடமலைப்பட்டி புதூரில் எங்கள் சந்தில் நாலு வீடு. சந்து முனையில் தர்மராஜின் மாடி வீடு. கடைசி வீடு பிச்சைமுத்துவுடையது, அதற்கு முந்தியது என்னுடையது. அந்தச் சந்தில் ஒரு வினோதமான ஏற்பாடு உண்டு. அவரவர் வீட்டுக்கு முன்னால் இருக்கும் சந்துத் துண்டு அவரவருக்கே சொந்தம். மற்றவர்களுக்கு அதில் நடந்து போக வர மட்டும்தான் உரிமை. வண்டி என்ற பேச்சே பத்திரத்தில் கிடையாது.

தர்மராஜ் பிச்சைமுத்துவுக்குப் பெரியப்பா மகன். மண்ணச்சநல்லூரில் அரிசி மில் வைத்துக் காசு பார்த்தவர். பாகப்பிரிவினையில் கொல்லைக் கிணறு பிச்சைமுத்துவின் அப்பாவுக்குப் போய்விட்டது. அந்த வயிற்றெரிச்சலில் தன் துண்டில், சந்து வாயில், ஆள் உயரத்துக்கு இரண்டு கருங்கல்லை நட்டார். மாட்டு வண்டி சுவரை இடிக்கிறது என்று சாக்கு. ஆள் போகலாம், சைக்கிள் போகலாம், வேறு எதுவும் போகாது. நாங்கள் ஒரு வக்கீலைக் கேட்டதற்கு, நடக்க வழி இருக்கிறதே, அப்புறம் என்ன என்று சொல்லிவிட்டார்.

1954 ஐப்பசியில் பிச்சைமுத்துவின் அப்பா இறந்தார். மூங்கிலும் பூவுமாகப் பெரிய பாடைத் தேர் கட்டினார்கள். வீட்டு வாசலில் கட்டும்போது கல் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. சந்து முனைக்கு வந்த பிறகுதான் தேர் நுழையாது என்று தெரிந்தது. தூக்கியதைக் கீழே வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் கத்தினார்கள். பக்கவாட்டுப் பூச்சட்டத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் தேரை ஒருச்சாய்த்துக் கொண்டுபோனோம். சாய்த்ததில் உடம்பு நகர்ந்து, கிழவரின் தலை இடது கல்லில் 'ணங்' என்று இடித்தது. எல்லோருக்கும் கேட்டது.

மாடியிலிருந்து தர்மராஜ் குரல் கொடுத்தார். "பாத்துத் தூக்குங்கப்பா. கல்லு பேந்துடப் போவுது."

செத்தவர் அவருக்குச் சொந்தச் சித்தப்பா. கொள்ளிச் சட்டியோடு முன்னால் போன பிச்சைமுத்து திரும்பி மாடியைப் பார்த்தான். காரியம் முடிந்த மறுநாள் ஒரு மூங்கில் குச்சியைக் கொண்டுவந்து, இரண்டு கல்லுக்கும் நடுவில் சரியாக நுழையும்படி அறுத்து, வீட்டுக்குள் அப்பா படத்துக்குக் கீழே மாட்டினான்.

"எதுக்குய்யா இது?" என்று கேட்டேன்.

"இதுக்குள்ள அடங்குற மாதிரி ஒரு கார் கட்டப் போறேன், காத்தான். என் வாசல்லேந்து கிளம்பி அவர் மூஞ்சிக்கு நேரா போவணும். அவர் மாடியில நின்னு பாக்கணும்."

பாலக்கரையில் ஒரு லாரிப் பட்டறையில் அவன் மெக்கானிக். வெறும் வாய்ச்சவடால் என்று நினைத்தேன். ஆனால் ஸ்ரீரங்கத்தில் ஒரு வக்கீல் வீட்டுக் கொட்டகையில் கிடந்த பழைய கார் ஒன்றை நிஜமாகவே வாங்கிவிட்டான். கூட நானும் போயிருந்தேன். வக்கீல் அவனை ஏற இறங்கப் பார்த்து, "இது ஓடாதுடாப்பா. கோழி அடைக்கவா வாங்கிண்டு போறே?" என்றார்.

"இல்லிங்க சாமி, ஆளை அடைக்கங்க" என்றான் பிச்சைமுத்து.

அங்கேயே கழற்றி, துண்டு துண்டாக மாட்டு வண்டியில் காவேரிப் பாலத்தைத் தாண்டிக் கொண்டுவந்தோம். ஒவ்வொரு சாமானும் தோளில் ஏறித்தான் சந்துக்குள் வந்தது. பின்பக்க ஆக்சிலை நாங்கள் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு வந்தபோது கல்லில் தட்டிவிட்டது. அதையும் தேரைப் போலச் சாய்த்துத்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது.

தர்மராஜ் பல் குத்திக்கொண்டே, "உள்ளயே கட்டி உள்ளயே ஓட்டிக்கிட்டு இருடா. பேரப் புள்ளைங்களுக்கு விளையாட ஆவும்" என்றார்.

காரை ஒடுக்குவது என்றால் மேல்தகரத்தை வெட்டினால் ஆகிவிடும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். மட்கார்டையும் கால்படியையும் கழற்றி எறிந்து, மேலே குறுகலாக ஒரு கூண்டு அடிப்பது சுலபம்தான். முன் ஆக்சில் ஒரே இரும்பு உத்தரம். அதையும் வெட்டி ஒட்டிவிடலாம். உயிரை வாங்குவது பின் ஆக்சில். நடுவில் பல்சக்கரம் இருக்கும் உருண்டை, இரண்டு பக்கமும் இரும்புக் குழாய், குழாய்க்குள் சக்கரத்தைச் சுற்றும் ஷாஃப்ட். குழாயையும் வெட்ட வேண்டும், ஷாஃப்டையும் குறைக்க வேண்டும். மயிரிழை கோணினாலும் சக்கரம் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கும்.

கொல்லையில் கிணற்றடியை ஒட்டி வேலை நடந்தது. குழாயை இரண்டு பக்கமும் ரம்பத்தால் அறுத்தான். அறுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுப்பான். காது கொடுத்துக் கேட்டேன். "பேந்துடப் போவுது, பேந்துடப் போவுது" என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

அறுத்த துண்டுகளை ஒட்டுவதற்கு முன்னால் உள்ளே நீளமாக ஒரு நேர்க்கம்பியைச் செருகி, எல்லாம் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்த்தான். கேஸ் வெல்டிங்கில் இங்கே ஒரு பொட்டு வைத்தால் அடுத்த பொட்டு அதற்கு நேர் எதிரே. ஒரே பக்கம் சூடு பட்டால் இரும்பு வளைந்துகொள்ளுமாம். பொட்டு வைத்துவிட்டு ஆறும்வரை சும்மா உட்கார்ந்திருப்பான். அவசரக்காரனுக்கு அவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தர்மராஜ் வீட்டு மாடியைக் காட்டுவான்.

ஷாஃப்டில் மட்டும் ஏமாந்தான். நடுவில் வெட்டிவிட்டு ஒட்டினான். எஞ்சினைக் கிளப்பி, கியரைப் போட்டுச் சந்துக்குள் நாலு அடி நகர்த்தியதும் கம்பு முறிகிற மாதிரி ஒடிந்தது. மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பிச்சைமுத்து அன்றைக்குச் சோறு தின்னவில்லை. அவன் பெண்டாட்டி வேலம்மாள், "தலைமுழுகிட்டு உருப்படியா ஒரு வேலையைப் பாருங்க" என்று அழுதாள்.

அப்புறம் பாலக்கரை லேத்துக்காரர் கிளமென்ட்தான் வழி சொன்னார். ஷாஃப்டை ஒட்டக் கூடாது, முனையை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தில் புதிதாகப் பல் வெட்டிக் கொடுக்கிறேன் என்றார். வெட்டிக்கொண்டே, "யாருக்குய்யா இவ்வளவு ஒடுக்கமா ஒரு காரு?" என்று கேட்டிருக்கிறார்.

"எங்க அண்ணனுக்குங்க" என்று சொல்லியிருக்கிறான் இவன்.

1959இல் அவன் மகள் அமிர்தத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளை துறையூர். வீட்டு வாசலில் தாலி கட்டி, அதே வாசலில் பொண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறிப் போக வேண்டும் என்பது பிச்சைமுத்துவின் திட்டம். அதுவரைக்கும் காரை ஒருதரம்கூட வெளியே எடுக்கவில்லை. கார் நுழையும் என்று தர்மராஜுக்கு முன்கூட்டித் தெரிந்தால் கல்லை நகர்த்தி நட்டுவிடுவார் என்ற பயம். மூங்கில் குச்சியைக் காரின் குறுக்கே வைத்து வைத்துப் பார்ப்பான். பக்கத்துக்கு இரண்டு விரல் மிச்சம் இருந்தது.

எல்லாம் சரி, ஒன்றைக் கோட்டை விட்டான். வாசலில் கார் நிற்க இடம் வேண்டும், வாழை மரத்தை வேறு எங்காவது கட்டுங்கள் என்று மச்சினன்மாரிடம் சொல்லியிருந்தான். அவர்கள் எங்கே கட்டுவார்கள்? குலை தள்ளிய இரண்டு வாழையைக் கொண்டுபோய்ச் சந்து வாயில் இருந்த கல்லில் கட்டிவிட்டார்கள், இரண்டு கல்லுக்கும் நடுவில் நீட்டும்படி உள்பக்கமாக.

பொண்ணு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு, மேளம் முன்னால் போக, கார் முனைக்கு வந்து நின்றது. மாடியில் தர்மராஜ் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தார். பிச்சைமுத்து காரிலிருந்து குதித்து, "எடுங்கடா அரிவாளை" என்றான்.

வேலம்மாள் குறுக்கே விழுந்தாள். "தாலியேறி அரை நாள் ஆவலை. பொண்ணு வழியில வாழையை வெட்டுவீங்களா? என்னை வெட்டுங்க முதல்ல."

சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. வெட்டினால்தானே குற்றம்? நான் ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்து, ஒரு மரத்தை நின்ற வாக்கிலேயே கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு கல்லுக்கு வெளியே வந்தேன். இன்னொன்றை அவன் மச்சினன் தூக்கினான். குலையோடு கனம் இடுப்பை ஒடித்தது. நாங்கள் மரத்தோடு நிற்க, கார் இரண்டு கல்லுக்கும் நடுவில் உரசாமல் வெளியே வந்தது. மாடியில் சிரிப்பு நின்றுபோயிற்று. பிச்சைமுத்து தர்மராஜ் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, கையெடுத்துக் கும்பிட்டு, "கல்லு பேந்துடலைண்ணே" என்றான். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

அதோடு விட்டானா? தினம் அவர் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து ஹாரனை அடித்துக்கொண்டு போவான், வருவான். நாலு வருஷம் இப்படி. தர்மராஜ் மாடிக்கு வருவதையே விட்டுவிட்டார். பிறகு செத்தும் போனார். அவர் வீடு ரோட்டைப் பார்த்தது, அவர் தேருக்கு ஒரு தடங்கலும் இல்லை.

அவர் மகன் தங்கையன் நல்ல பையன். பதினாறாம் நாள் எங்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு, "சித்தப்பா, அந்தக் கல்லைப் பிடுங்கிடலாங்களா?" என்று கேட்டான். எனக்கு வயிறு குளிர்ந்தது.

பிச்சைமுத்து, "வேணாம், இருக்கட்டும்" என்றான்.

நான் பதறிப்போய், "என்னய்யா சொல்ற?" என்றேன்.

"கல்லு போயிட்டா என் காருக்கு என்ன மரியாதை? வர்றவன் போறவன் கல்லையும் பாக்கணும், காரையும் பாக்கணும். உங்களுக்கு அவசரம்னா என் கார் இருக்குல்ல?"

கோபம் வந்தது எனக்கு. தங்கையன் சித்தப்பா பேச்சைத் தட்டாமல் போய்விட்டான்.

1965 மாசியில் என் அம்மா இருசம்மாள் போய்விட்டாள். அவசரத்துக்குக் கார் உண்டு என்று பிச்சைமுத்து சொல்லியிருந்தான். செத்தவளுக்குக் கார் எதற்கு? தேரைச் சின்னதாகவே கட்டச் சொல்லியிருந்தேன். ஆனாலும் தூக்குகிறவர்கள் இரண்டு பக்கமும் வர வேண்டாமா? கல்லுக்கிட்டே வந்ததும் முன்பக்கம் தோள் கொடுத்த பிச்சைமுத்து, பழகின ஆள்போல, "சாய்ங்க, சாய்ங்க, இடது பக்கமா" என்றான். சாய்த்தார்கள். அம்மாவின் கால் கல்லில் மோதியது. அவன் திரும்பிப் பார்த்தது அம்மாவை இல்லை, கல்லை.

நெருப்புச் சட்டியோடு முன்னால் நின்றவன் நான்தான். நானும் திரும்பி அவனைப் பார்த்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் தங்கையனைக் கேட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். பிச்சைமுத்து வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கார் அவன் வாசலில் நிற்பதையும் பார்த்துக்கொண்டு, இரண்டு கூலி ஆளை வைத்துக் கடப்பாரையால் இரண்டு கல்லையும் பிடுங்கினேன். சந்து வாய் ரோடு மாதிரி திறந்துகொண்டது. கல்லைச் சந்துக்குள் உருட்டிவந்து, அவனுக்கும் எனக்கும் நடுவில் என் துண்டில் நட்டேன், முன்பைவிட ஒரு சாண் ஒடுக்கமாக. நடந்து போக வர தாராளமாக வழி இருந்தது.

சாயங்காலம் பிச்சைமுத்து வந்தான். கல்லைப் பார்த்தான், என் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. உள்ளே போய் அப்பா படத்துக்குக் கீழே இருந்த மூங்கில் குச்சியையும் ரம்பத்தையும் எடுத்துக்கொண்டு வந்தான். குச்சி நடுவில் நுழையவில்லை. அங்கேயே குந்தி உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அதிகமாக நீண்ட அந்த ஒரு சாண் துண்டை அறுக்க ஆரம்பித்தான்.