பதினொரு மணி ஜெயம்

முதலியார்பேட்டையில் ஒரு தையல் பள்ளியின் மாடியில், இரண்டு அறைகளில், அந்தச் சமூக வானொலி தொடங்கியது. விளம்பரம் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். எதிரொலி வராமலிருக்கச் சுவருக்குக் கயிற்றுப்பாய் அடித்தார்கள். நோணாங்குப்பம் பாலத்தைத் தாண்டினால் ரேடியோவில் வெறும் இரைச்சல்தான்.

மூன்றாம் மாதம் ஜெயம் படியேறி வந்தார். சண்டை போடத்தான் வந்தார். தண்ணீர் வராத தெருக்களின் பெயரை வாசிக்கிறீர்களே, எங்கள் தெருவை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். அந்தக் குரலுக்குக் கீழே தையல் மெஷின்கள் நின்றுவிட்டன. ஒலிப்பதிவாளர் ரெக்ஸ் அவரை மைக்கின் முன்னால் உட்காரவைத்து, நீங்களே சொல்லுங்கள் என்றார். பதினான்கு வருடமாக ஜெயம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதற்கு முன்னால் இருபத்தோரு வருடம் மில்லில் நூல் சுற்றினார். அந்தச் சத்தத்தில் பேச்சு கேட்காது. பெண்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். கல்யாணச் சம்பந்தம்கூட அப்படிப் பேசி முடித்திருக்கிறார்கள். குரல் வேண்டுமென்றால் முழுக் குரல். இடைப்பட்ட குரல் ஒன்று ஜெயத்துக்கு வளரவேயில்லை. மற்றவர்களுக்கு மைக் ஒரு சாண் தூரம். ஜெயத்துக்கு நாற்காலியை இரண்டு முழம் தள்ளிப் போட வேண்டும்.

திங்கள் முதல் வெள்ளி வரை காலை பதினொரு மணிக்கு அவருடைய நேரலை. யார் வீட்டில் சமையலுக்கு ஆள் வேண்டும், ரெட்டியார்பாளையத்தில் யாருடைய மாடு காணவில்லை, காய்ச்சல் முகாம் எங்கே. ஸ்டுடியோவுக்கும் ரெக்ஸின் அறைக்கும் நடுவே கண்ணாடி. இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் பேச இருந்த ஸ்பீக்கர் கெட்டு ஆறு வருடம் ஆகிறது. யாரும் சரிசெய்யவில்லை. ரெக்ஸ் உதட்டை அசைப்பார். ஜெயம் படித்துக்கொள்வார்.

போன ஜூனில் மெரின் நிலையப் பொறுப்பாளராக வந்தார். ஒரு புதன்கிழமை, ஜெயத்தின் நிகழ்ச்சி நடுவே பாட்டு ஓடும்போது, ரெக்ஸின் அறையில் வந்து நின்றார். ஜெயம் நிமிர்ந்தார். ரெக்ஸ் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். மெரின் திரும்பவில்லை. அவருக்கு விஷயம் தெரியாது.

ரொம்ப கத்துறாங்க, என்றது மெரினின் உதடு. இந்த வெள்ளியோட லைவை நிறுத்திடலாம். நான் பக்குவமா சொல்லிக்கிறேன்.

பாட்டு முடிந்தது. ஜெயம் மிச்ச அறிவிப்புகளை வாசித்தார். ஒரு மாட்டின் நிறத்தை மாற்றிச் சொன்னார். பதினான்கு வருடத்தில் அப்படி நேர்ந்ததில்லை.

வெளியே வந்ததும் நேராக மெரினிடம் போனார்.

"பக்குவமா சொல்றன்னியே. சொல்லும்மா."

மெரின் ரெக்ஸைப் பார்த்தார். ரெக்ஸ் கையை விரித்தார்.

"நான் ஒண்ணும் சொல்லல, மேடம். நீங்க கண்ணாடியப் பாத்துப் பேசிட்டீங்க."

மெரினுக்குப் புரியச் சற்று நேரமானது. மன்னிப்புக் கேட்டார். சத்தத்தைப் பற்றிச் சில நேயர்கள் எழுதியிருப்பதைச் சொன்னார். முன்கூட்டிப் பதிவு செய்து, குரலைக் குறைத்து ஒலிபரப்பலாமே என்றார். ரெக்ஸ் சிரித்துவிட்டார். அதையெல்லாம் செய்து பார்த்தாயிற்று. ஜெயத்திடம் ஒரே சேதியை மூன்று முறை பதிவு செய்தால் மூன்று சேதி கிடைக்கும். இரண்டாவதில் மாட்டுக்காரரின் மாமியாரும் வந்துவிடுவார்.

"இப்ப எவளோ ஒருத்தி கேட்டுக்கினு இருக்கான்னாதான் எனக்கு வாய் வரும்," என்றார் ஜெயம். "அடைச்சி வெச்சி அப்பறமா எடுக்க நான் என்னா ஊறுகாயா?"

மறுநாள் மெரின் முடிவு சொன்னார். நேரலை தொடரலாம், ஆனால் வாரத்தில் மூன்று நாள்.

ஜெயம் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "மில்ல மூடறப்பவும் இப்படித்தான் ஆரம்பிச்சாங்க. லே-ஆஃப்னு பேரு வெச்சாங்க."

"இல்லம்மா. இது மூடறதுக்கு இல்ல."

"மில்லுக்காரனும் அதத்தான் சொன்னான். எழுதிக் குடு."

மெரின் எழுதினார். ஜெயம், திங்கள், புதன், வெள்ளி, பதினொரு மணி, நேரலை. கையெழுத்துப் போட்டார். சீல் வேண்டும் என்றார் ஜெயம். சீலும் வைத்தார்.

செவ்வாயும் வியாழனும் பதினொரு மணிக்கு நேயர்கள் ஜெயத்துக்குப் போன் செய்கிறார்கள். ஜெயம் தன் வீட்டு வாசலில் நின்று போனில் எல்லாம் சொல்கிறார். அந்த நேரத்தில் அந்தத் தெருவில் யாரும் ரேடியோ போடுவதில்லை.