நீலப் புகையைப் பற்றி நான் சொல்லாதது

தாம்பரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். அதனாலேயே மிக்சி ஓடாவிட்டாலும் இன்வெர்ட்டர் கத்தினாலும் ஸ்டாஃப் ரூமில் என்னிடம்தான் கேட்பார்கள். கேட்பது எனக்குப் பிடிக்கும். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புவது அதைவிடப் பிடிக்கும்.

அப்படித்தான் கணக்கு டீச்சரும் கேட்டார். அஸ்தினாபுரத்தில் வீடு. நாற்பத்தைந்து வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்திருந்தார். கணவருக்கு மறைமலை நகரில் கார் சீட் தயாரிக்கும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மகள் நாவலூரில் ஐ.டி. கம்பெனிக்குப் போகிறாள்.

"செகண்ட் ஹேண்ட்ல ஒரு வண்டி பாக்கறேன் சார். டர்போ நல்லதா, சாதா இன்ஜின் நல்லதா? ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க."

அதற்கு முந்தின வாரம்தான் என் சொந்த டர்போ வண்டியை மெக்கானிக்கிடம் காட்டியிருந்தேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் நீலமாகப் புகை வந்தது. ஆயிலும் சீக்கிரம் குறைந்தது. சேலையூரில் ஷெட் வைத்திருக்கும் அவர் குனிந்து பார்த்துவிட்டு, "டர்போல ஆயில் கசியாம தடுக்கற சீல் போய்க்கினு கீது சார். ஆறு மாசம் ஓடும், ஒரு வருசமும் ஓடும். தள்ளிவுடறதா இருந்தா இப்பவே தள்ளிவுட்டுடு" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

டீச்சர் கேட்டபோது எனக்கு உடனே அந்த வாக்கியம்தான் ஞாபகம் வந்தது. "என் வண்டியையே கொடுக்கலாம்னு இருக்கேன் டீச்சர்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தெரிந்தவர் வண்டி என்றால் பயமில்லை என்றார். ஆனால் தங்கள் தெருவில் பேங்கில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் காரை விற்கிறார், அதையும் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை போனோம். டர்போ இல்லாத, தன் மூச்சைத் தானே இழுத்துக்கொள்ளும் சாதாரண பெட்ரோல் இன்ஜின். ஆறு வருட வண்டி. அந்தப் பெரியவர் சர்வீஸ் பில்களை ஒரு ஃபைலில் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினேன். அளவு சரியாக இருந்தது. இன்ஜின் ஓடுகிறதா என்று காது கொடுத்துத்தான் கேட்க வேண்டும், அவ்வளவு அமைதி. டீச்சர் ராஜேந்திர பிரசாத் சாலை வரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து, "எனக்கு பயமாவே இல்ல சார்" என்றார்.

அதைவிட நல்ல வண்டியை நான் அவருக்குத் தேடிக் கொடுத்திருக்க முடியாது. வெளியே வந்ததும், "நல்லாதான் இருக்கு. ஆனா இழுவை பத்தாது டீச்சர். ஏசி போட்டு நாலு பேர் உக்காந்தா மேம்பாலத்துல திணறும்" என்றேன்.

திங்கட்கிழமை ஒரு பழைய வினாத்தாளின் பின்பக்கம் படம் வரைந்து விளக்கினேன். வீணாக வெளியே போகும் புகை ஒரு சின்ன விசிறியைச் சுழற்றுகிறது, அதே தண்டில் உள்ள இன்னொரு விசிறி இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது, அதுதான் டர்போ. "சூப்பர்சார்ஜர்னு பையங்க சொல்றாங்களே, அது வேறயா?" என்று கேட்டார். வேலை அதேதான், ஆனால் அது புகையால் இல்லாமல் பெல்ட் வழியாக இன்ஜின் பலத்திலேயே சுற்றும் என்றேன். வேகமாக ஓட்டி வந்தால் அணைப்பதற்கு முன் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும், இல்லையென்றால் டர்போ கெடும் என்றும் சொன்னேன். எல்லாம் உண்மை. ஒரு பொய்கூட அந்தத் தாளில் இல்லை.

அவர் குடும்பத்தோடு வண்டி பார்க்க வந்த அன்று, அரை மணி நேரம் முன்னதாகவே கேம்ப் ரோடு வரை ஓட்டி இன்ஜினைச் சூடாக்கி வைத்தேன். அதனால் அவர்கள் எதிரில் ஸ்டார்ட் செய்தபோது புகை வரவில்லை. வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஐந்தாவது மாதம் ஒரு மாலை டீச்சர் போன் செய்தார். கணவரைக் கூட்டிவரப் போனவர், வண்டலூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்றுவிட்டார். ஸ்கூட்டரில் போனேன். வண்டி ஓரமாக நின்றது. பின்னால் வந்தவர்கள் கண் தெரியாத அளவுக்குப் புகை விட்டதாம். ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து திட்டினாராம்.

"என் தப்புதான் சார். ஒரு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தணும்னு சொல்லியிருந்தீங்க. ஸ்கூலுக்கு லேட்டாச்சுன்னு நான் ரெண்டு மூணு தடவை உடனே ஆஃப் பண்ணிட்டேன். உங்க வண்டிய கெடுத்துட்டேன்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ரோட்டோரம், நாங்கள் இருவர்தான். நான் சொன்னது இதுதான்: "பரவால்ல டீச்சர். புதுசா ஓட்டறவங்களுக்கு இப்படி ஆகறதுதான்."

அதன் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. டர்போவை மாற்றி வண்டியை யாருக்கோ விற்றார்கள். அவர் மறுபடி ஷேர் ஆட்டோவில் வந்தார். ஆண்டு விழா அன்று அவர் கணவர் எல்லோர் எதிரிலும், "இவளுக்கு கால்குலேட்டர்தான் சரி, கார் சரிப்படாது" என்று சிரித்தார். டீச்சரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

மறுவாரம் ஆய்வகத்தில் அவரை உட்காரவைத்துச் சொன்னேன். மெக்கானிக் சொன்னது, சூடாக்கி வைத்தது, எல்லாம்.

"பேங்க் சார் வண்டி நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு டீச்சர்."

"எனக்கு அப்பவே தோணுச்சு" என்றார். பிறகு, "எங்கிட்ட சொன்னது போதாது சார். என் வீட்ல வந்து சொல்லுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அஸ்தினாபுரத்துக்குப் போனேன். கணவரும் மகளும் ஹாலில் இருந்தார்கள். நான் ஆரம்பித்ததுமே கணவர் பதறி, "விடுங்க சார், பழைய வண்டின்னா முன்னபின்ன இருக்கத்தான் செய்யும். காபி சாப்பிடுங்க" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். நானும் டம்ளரை நோக்கிக் கையை நீட்டிவிட்டேன்.

"இல்ல. சார் முழுசா சொல்லட்டும்" என்றார் டீச்சர்.

சொன்னேன். "டீச்சர் ஓட்டினதுல ஒரு தப்பும் இல்ல. வண்டி கெட்டுப்போகும்னு எனக்குத் தெரியும்" என்றேன். மகள் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தாள். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். டர்போ மாற்றிய செலவை நான் தருகிறேன் என்றேன். டீச்சர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். மறுத்திருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா, தெரியவில்லை. கேட் வரை யாரும் வரவில்லை.

அடுத்த கல்வியாண்டில் பள்ளி மைதானத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. டர்போ இல்லாத இன்ஜின். அவரே தேடிப் பார்த்து வாங்கியிருக்கிறார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

போன மழையில் ஒரு சாயங்காலம் கேட் அருகே குடையோடு நின்றிருந்தேன். கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி, "ஸ்டேஷன் பக்கம்தான் போறேன், ஏறுங்க சார்" என்றார். பின் சீட்டில் தமிழ் டீச்சரும் விளையாட்டு டீச்சரும் இருந்தார்கள். முன் சீட் காலியாக இருந்தது.

"எனக்கு இங்க கொஞ்சம் வேலை இருக்கு டீச்சர், நீங்க கிளம்புங்க" என்றேன். ஒரு வேலையும் இல்லை. அவர் சரி என்று தலையசைத்து, தண்ணீர் தேங்கிய ரோட்டில் முதல் கியரிலேயே நிதானமாக வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.