மூலைக் குழாயில் சிவப்பு

உலையின் சின்னக் கதவைத் திறந்து, நீலக் கண்ணாடி வழியே உள்ளே பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. அதனால் தொழிற்சாலை முழுக்க அவருக்குக் 'கண்ணாடி' என்றே பேர். உள்ளே நெருப்புக்கு நடுவே வரிசையாகக் குழாய்கள், குழாய் நிறைய நிக்கல் பூசிய மணிகள். வாயுவும் நீராவியும் சேர்ந்து அவற்றின் ஊடே ஓட வேண்டும். நீராவி குறைந்தால் போச்சு! வாயு உடைந்து நிக்கல்மேல் கரியாய் அப்பிக்கொள்ளும். அடைத்த இடத்தில் சூட்டை இழுத்துக்கொள்ள ஓட்டம் இருக்காது, குழாய் சிவந்துவிடும், அப்படியே விட்டால் வெடிக்கும்.

நீராவி வால்வைப் பார்த்துக்கொண்டவன் அவர் தங்கை புருஷன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கண்ணாடிதான் அதிகாரியிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சிச் சேர்த்துவிட்டார். கெட்டவனில்லை, கொஞ்சம் விளையாட்டுப் புத்தி.

அன்றைக்கு மூலைக் குழாயில் கையகலச் சிவப்பு! அவர் வால்வுக்கு ஓடினார்.

"மாப்ளே, நீராவியக் குறைச்சியா?"

"பக்கத்து வால்வுன்னு நெனச்சுத் திருப்பிட்டேன் மச்சான். பாத்ததும் தொறந்துட்டேனே!"

"தொறந்து கிழிச்சே! எப்போ பாத்தே?"

"சாப்பிட்டு வந்துதான்," என்று தலையைச் சொறிந்தான்.

சிவப்பைக் கண்டால் உடனே சொல்ல வேண்டும், வாயுவை நிறுத்துவார்கள். நிறுத்தினால் காரணம் கேட்பார்கள், இவன் வேலை அத்தோடு சரி. மெல்லிசாய்ப் படிந்த கரியை நீராவியே தின்றுவிடும், அதை அவர் பார்த்திருக்கிறார். மணிக்குள் புகுந்து அதையே பிளந்துவிட்ட கரி போகாது. அதுவும் தெரியும். ஆனால் தங்கச்சி முகம்தான் முன்னால் வந்து நின்றது.

"வாயத் தொறக்காதே. தானா சரியாயிடும்."

சாயங்காலம் அதிகாரி கேட்டபோது, "எல்லாம் சுத்தம் சார்," என்றார். பாழாய்ப்போன வாய்!

ஆனால் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுபடி பார்க்க எழுந்தவரை மாப்பிள்ளை தோளைப் பிடித்து உட்கார வைத்தான்.

"காலைலேருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க. சிவப்பு போச்சான்னு நான் பாத்துட்டு வரேன்."

அவன் கதவைத் திறந்த நேரம் பார்த்துக் குழாய் வெடித்தது. சின்னக் கதவு வழியே நெருப்பு வெளியே பாய்ந்தது. இவர் ஓடிப்போய் இழுத்தபோது முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

வீட்டில் தங்கை அழுது ஓய்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு அவர் சொல்லிக்கிட்டே இருப்பாருண்ணே. நீங்க பாத்தப்போ ஒண்ணுமே தெரியலையா?"

"இல்லம்மா."

அவள் கையை விடவில்லை. "நீங்க இருக்கீங்கன்னுதாண்ணே நான் அவரத் தைரியமா அனுப்பினேன்," என்றாள்.