அய்யா சொன்ன 'நாம'

'நாம்' என்றால் பேசுகிறவரும் கேட்கிறவரும் சேர்ந்தது. 'நாங்கள்' என்றால் கேட்கிறவரை வெளியே நிறுத்திவிட்டுப் பேசுவது. பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம் இது. போலீஸ் வேலைக்குச் சேரும்வரை எனக்கு இதில் ஒரு சந்தேகமும் வந்ததில்லை.

அறுபதுகளின் நடுவில், அரிசிக்கு ஊரே திண்டாடிக்கொண்டிருந்த காலத்தில், கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு சோதனைச் சாவடியில் என்னைப் போட்டார்கள். நெல்லூர்ப் பக்கத்து அரிசி இந்தப் பக்கம் வரக்கூடாது என்று தடை. அந்தப் பக்கம் அரிசி மலிவு. இந்தப் பக்கம் கடையில் கண்ணிலேயே படாது. இரண்டுக்கும் நடுவில் சாலையின் குறுக்கே ஒரு மூங்கில் தடுப்பு, பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை, அதில் ஓர் ஏட்டு, என்னைப் போல நாலைந்து கான்ஸ்டபிள்கள். பஸ், லாரி, மாட்டு வண்டி, சைக்கிள் என எது வந்தாலும் நிறுத்த வேண்டும். அரிசி இருந்தால் இறக்கி வைக்க வேண்டும். அதுதான் வேலை.

நான் அப்போது ப்ரொபேஷனில் இருந்தேன். திருப்பாச்சூர்ப் பக்கம் நஞ்சை வைத்திருந்த ஒரு குடும்பத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் தாம்பூலத் தட்டை மட்டும் கையில் எடுக்கவில்லை. "பர்மனென்ட் ஆர்டர் கைக்கு வரட்டும் மாப்ள, தை மாசம் வெச்சிக்கலாம்" என்றார். கதவோரத்தில் நின்ற பெண் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு பார்வையை நம்பித்தான் நான் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். என் பேரில் ஒரு கரும்புள்ளி விழுந்தால் ஆர்டர் நின்றுவிடும். ஆர்டர் நின்றால் தை மாதம் வேறு எவனுக்கோ வந்துவிடும்.

எங்கள் இன்ஸ்பெக்டர் அய்யா கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற ஸ்டேஷன்களில் அதிகாரிகள் வாயைத் திறந்தாலே வண்டி வண்டியாக வசவுதான் வரும். இவர் 'நாம' என்றுதான் பேசுவார். காலையில் எங்களை வரிசையாக நிறுத்தி, அன்றன்றைக்கான விதிகளைச் சொல்வார். "நாம டூட்டில உக்காரக் கூடாது" என்பார், நாற்காலியில் சாய்ந்தபடி. "நாம எந்தக் கடையிலயும் ஓசி டீ குடிக்கக் கூடாது" என்பார், எதிர்க்கடைப் பையன் கொண்டுவந்து வைத்த டீயை ஆற்றிக்கொண்டே. "நாம யூனிபார்ம்ல இருக்கச் சொல்ல தொப்பி இல்லாம நிக்கக் கூடாது" என்பார். அவர் தொப்பி ஜீப் சீட்டில் கிடக்கும்.

மற்றவர்கள் "எஸ் சார்" என்று கத்திவிட்டுக் கலைந்துவிடுவார்கள். நான்தான் குழம்பிப்போய் நிற்பேன். அவருக்கு முதுகுவலியோ, அதனால் உட்கார அனுமதி உண்டோ? டீக்கு மாதக் கடைசியில் கணக்குத் தீர்ப்பாரோ? டூட்டி என்பது அவர் கிளம்பின பிறகுதான் ஆரம்பிக்கிறதோ? இப்படியெல்லாம் அவருக்காக நானே காரணம் தேடிக்கொண்டிருப்பேன். ஏனென்றால் 'நாம' என்று அவ்வளவு பெரிய அதிகாரி சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அவரும் நானும் ஒரே பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

அரிசிக் கெடுபிடி முற்றிய ஒரு நாள் காலையில் அவர் சொன்னார்: "இன்னியிலேர்ந்து எந்த வண்டியயும் நாம செக் பண்ணாம உடக் கூடாது. எவனா இருந்தாலும் சரி. நம்ம வண்டியாவே இருந்தாலும் சரி. சட்டம்னா நாம எல்லாரும் ஒண்ணுதான்."

"எஸ் சார்" என்று அன்றைக்கு நான்தான் எல்லாரையும்விட உரக்கக் கத்தினேன்.

அன்றே உச்சி வேளையில், ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து ஒரு அம்மாளை இறக்கினேன். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் மீன்பிடிக்கிற வீட்டுக்காரம்மா. கருவாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து அரிசி மாற்றிக்கொண்டு வருகிறாள். கருவாட்டுக் கூடையின் அடியில், ஈரத்துணிக்குக் கீழே அரிசிப் பை. எடுத்துக் கொட்டகையில் வைத்தேன். அவள் அழவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஊட்ல நாலு வாயி கீது நைனா. கடல்ல இன்னா நெல்லா வெளையுது?"

"நான் இன்னாம்மா பண்றது? சட்டம். யாரா இருந்தாலும் நாங்க உடக் கூடாது."

"யாரா இருந்தாலுமா?" என்றவள் சாலையைக் கைகாட்டினாள். "அப்ப தோ வருது பாரு, அத்தயும் நிறுத்து, பாக்கலாம்."

இன்ஸ்பெக்டர் அய்யாவின் ஜீப் வந்துகொண்டிருந்தது, ஆந்திரப் பக்கத்திலிருந்து. அந்தப் பக்கத்து அதிகாரிகளைப் பார்க்க அவர் அடிக்கடி போவார். வழக்கமாக ஜீப்பின் தூசி தெரிந்தாலே மூங்கில் மேலே போய்விடும். அன்றைக்கு மூங்கில் கயிறு என் கையில் இருந்தது. காலையில் கேட்ட வார்த்தை காதில் இருந்தது. நான் மூங்கிலை இறக்கினேன். வீம்புக்கு இறக்கவில்லை. அவர் சொன்னதைத்தான் செய்கிறேன், மெச்சிக்கொள்வார் என்றே நினைத்தேன். நம்பினால் நம்புங்கள்.

ஜீப் நின்றது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். நான் விறைப்பாகச் சல்யூட் அடித்தேன். "அய்யா, செக் பண்ணணுங்கய்யா."

"இன்னாய்யா?"

"நம்ம வண்டியா இருந்தாலும் செக் பண்ணாம உடக் கூடாதுன்னு அய்யா சொன்னீங்க."

அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "கரெக்டு. பாரு."

பின்சீட்டுக்கு அடியில் தார்ப்பாய் மூடிக் கிடந்ததைக் குனிந்து விலக்கினேன். கம்பியில் இடித்துத் தொப்பி கீழே உருண்டது. தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கோணி மூட்டை. பிரிக்கவே வேண்டாம், வாசனையிலேயே தெரிந்தது நெல்லூர் அரிசி என்று. எனக்கு அப்போதுதான் வியர்த்தது. மூட்டையை அப்படியே விடுவதா, இறக்குவதா? விதி இறக்கு என்கிறது. யாரும் விடு என்று சொல்லவில்லை. இறக்கினேன். அந்த அம்மாளின் பைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். "வெரி குட்" என்றார் அய்யா. ஜீப் போய்விட்டது. பஸ்ஸில் யாரோ கை தட்டினார்கள்.

எங்கள் ஏட்டு மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் மூட்டையைப் பார்த்தார், பையைப் பார்த்தார். மூட்டையை விட்டுவிட்டுப் பையை மட்டும் வைத்துக்கொள்ள அவருக்கும் வழி தெரியவில்லை போலிருக்கிறது. பையை எடுத்து அந்த அம்மாளிடம் கொடுத்தார். "எடுத்துக்கினு போம்மா. சீக்கிரம் போ." அவள் என்னைப் பார்த்து, "நீ நல்லா இருப்ப நைனா" என்று வாழ்த்திவிட்டு பஸ் ஏறினாள். சாயங்காலம் டிரைவர் ஜீப்பைத் தனியாக ஓட்டிக்கொண்டு வந்து மூட்டையை ஏற்றிக்கொண்டு போனான். யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை.

"அய்யா வெரி குட்னு சொன்னாருங்களே" என்றேன் ஏட்டிடம்.

"அட பேஜாரு புடிச்சவனே" என்றார் அவர். "அவர் நாமன்னு சொன்னா அது நீங்கன்னு அர்த்தம்டா. இத்தக்கூடவா போலீஸ்ல ஒருத்தன் வந்து சொல்லணும்?"

மெமோ வந்தது. அதில் அரிசியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. ஜீப்பைப் பற்றியும் இல்லை. சீருடையில் இருக்கும்போது தொப்பியில்லாமல் மேலதிகாரி முன் நின்றேன், இதுதான் குற்றம். நான் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். பொய் என்றும் சொல்ல முடியவில்லை, தொப்பி விழுந்தது நிஜம்தான். ஆனால் அன்றைக்கு அவர் தலையிலும் தொப்பி இல்லை. அது எப்படிக் கணக்கில் வராமல் போனது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. போதாததற்குத் திருப்பாச்சூரிலிருந்து ஆள் வந்துவிட்டது. "ஆர்டர் இன்னா ஆச்சு? தை பொறக்கப் போவுதே?" நான் வயிறு சரியில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

திருவள்ளூரில், இன்ஸ்பெக்டருக்கும் மேலதிகாரியான பெரிய அய்யா முன்னால் விசாரணை. ஆர்டர்லி ரூம், சுருக்கமாக 'ஓ.ஆர்.' என்போம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவன் தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தொப்பியில்லாத குற்றத்துக்கு என்னைத் தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

உள்ளே போகும் முன் வராந்தாவில் இன்ஸ்பெக்டர் அய்யா என் தோளில் கை போட்டார். நிஜமாகவே அன்பாகத்தான் பேசினார். "கண்ணாலம் பேசிக்கீறாங்களாமே? பயப்படாதே. பெரியவர் கேட்டா, நாம தப்பு பண்ணிட்டோம்னு ஒத்துக்கினா முடிஞ்சி போச்சு. வேற ஒண்ணும் பேச வாணாம்."

பெரிய அய்யா மேசையில் எதையோ பார்த்துக்கொண்டே கேட்டார். "இன்னாய்யா சொல்ற?"

நான் விறைப்பாக நின்று, எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னேன். "நாம தப்பு பண்ணிட்டோம் அய்யா."

அவர் தலை நிமிர்ந்தது. "நாமன்னா? யாரு யாரு?"

உதவிக்காக இன்ஸ்பெக்டர் அய்யாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலீங்கய்யா. இன்ஸ்பெக்டர் அய்யாதான் அப்டி சொல்லச் சொன்னாரு."

குறும்பு என்று பிறகு எங்கள் போலீஸ் லைனில் பேசிக்கொண்டார்கள். சத்தியமாக இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். பெரிய அய்யா என்னை விட்டுவிட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். நன்றாக நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். அவருக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று எனக்குத் தெரியாது. அவர் வீட்டிலும் சோறு நெல்லூர் அரிசியாக இருந்திருக்கலாம். கடைசியில், "போய்த் தொப்பியப் போடு" என்றார்.

எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆர்டர் தாமதமாக வந்தது. தை போய், மாசி பங்குனியும் போய் வைகாசியில்தான் தாம்பூலத் தட்டு கைமாறியது. அந்தப் பெண் அதுவரை காத்திருந்தாள் என்பதுதான் என் வாழ்க்கையில் எனக்குக் குழப்பம் இல்லாமல் கிடைத்த ஒரே விஷயம்.

ஆனால் விசாரணை முடிந்த மறுநாள் காலை வரிசையில் நின்றபோது நடந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. இன்ஸ்பெக்டர் அய்யா நாற்காலியில் சாய்ந்தார். டீயை ஆற்றினார். "நீங்க யாரும் டூட்டில உக்காரக் கூடாது" என்றார். "நீங்க யாரும் ஓசி டீ குடிக்கக் கூடாது" என்றார். "இனிமே இலாகா வண்டிய நீங்க நிறுத்த வாணாம்" என்றார். எல்லாம் பளிச்சென்று புரிந்தது. சந்தோஷப்பட வேண்டியவன்தானே? எனக்கோ சந்தோஷம் வரவில்லை. பொய்யான அந்த 'நாம'வின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நானும் இருந்திருக்கிறேன். அதையும் நானே கெடுத்துக்கொண்டேன் போலிருந்தது. அவர்மேல் கோபப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு ஏன் அப்படித் துக்கம் வந்தது என்று இன்றுவரை பிடிபடவில்லை.

அந்த வாரமே அதே அம்மாளை பஸ்ஸிலிருந்து இறக்க வேண்டி வந்தது. அதே கூடை, அதே ஈரத்துணி. என்னைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி சிரித்தாள். அவள் பை கொட்டகைக்குப் போகிற நேரத்தில் ஜீப் வந்தது. மூங்கிலை உயர்த்திப் பிடித்தேன். தொப்பியை அழுத்திவிட்டுக்கொண்டு சல்யூட் அடித்தேன். பின்சீட்டுக்கு அடியில் தார்ப்பாய் உப்பிக்கொண்டிருந்தது. ஜீப் நிற்காமல் போனது.

"இன்னா நைனா, அத்த பாக்கலியா?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அது நம்ம வண்டிம்மா."

அவள் ஜீப் கிளப்பிவிட்டுப் போன தூசியைப் பார்த்தாள். பிறகு கொட்டகையில் கிடந்த தன் பையைப் பார்த்தாள்.

"நம்ம வண்டியா?" என்றாள். "அப்ப என் பையயும் அதுலயே ஏத்தி அனுப்பியிருக்கலாமே."