குடை பிடித்தவளின் படம்

என் அக்காவுக்கு மனிதர்களைவிடப் பூக்களைத்தான் பிடிக்கும் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள். ஆனால் உண்மை அதுதான். பூ கண்ணைச் சிமிட்டாது. "எனக்கு இந்தப் பக்கம் நல்லா இருக்காது" என்று முகத்தைத் திருப்பாது. இருபத்திரண்டு வருஷம் எங்கள் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்து நொந்துபோனவள் அவள். "தாடையை இறக்குங்க, கண்ணை மூடாதீங்க" என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொன்னால் யாருக்குத்தான் அலுக்காது?

அதனால் வருஷத்துக்கு இரண்டு மாதம் கடையை என் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பிவிடுவாள். புல்வெளி, மலைச்சரிவு, காட்டுப்பூ, ஆடு மேய்ப்பவர்களின் கூடாரம், அவர்கள் கம்பளி நெய்கிற விதம் என்று படம் எடுத்துக்கொண்டு வருவாள். காலண்டர் அச்சிடுகிறவர்களும் ஒன்றிரண்டு பத்திரிகைகளும் வாங்கிக்கொள்வார்கள். கல்யாணம் காட்சி என்று யாராவது பேச்செடுத்தால், "கேமரா ஸ்டாண்டைத் தூக்கிட்டு மலையேறுவாரான்னு கேட்டுச் சொல்லுங்க" என்பாள். அதோடு அந்தப் பேச்சு நிற்கும்.

மலையில் அவளுக்குப் பதினோரு வருஷமாக ஒரே டிரைவர். ஜீப்பில் அவர் மனைவியும் வருவாள். காட்டுப்பூ என்பது பெரும்பாலும் சட்டைப் பொத்தான் அளவுதான். உச்சி வெயில் பட்டால் படத்தில் வெளுத்துப்போகும், லேசாகக் காற்றடித்தால் கலங்கிவிடும். அந்தப் பெண் ஒரு வெள்ளைக் குடையைப் பூவுக்கு மேல் பிடித்துக்கொண்டு, காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவாள். கால் மரத்துப்போனாலும் அசையமாட்டாள். வாய் மட்டும் ஓயாது. "பூவுக்கு வந்த வாழ்வைப் பாருங்கக்கா. எங்க வீட்டுக்காரர் எனக்கு ஒரு நாள் குடை பிடிச்சிருப்பாரா?" என்பாளாம். அக்கா ஊர் திரும்பியதும் முதல் ஒரு வாரம் அவள் பேச்சுத்தான். கேட்டுக் கேட்டு, நான் ஒரு தடவைகூடப் பார்த்திராத அவள் எனக்கும் உறவுக்காரி மாதிரி ஆகிவிட்டாள்.

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. சாயங்காலம் லாட்ஜுக்கு வந்ததும் அன்றைக்கு எடுத்த படங்களைக் கேமராவிலேயே ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். கொஞ்சம் பிசகியிருந்தாலும் அங்கேயே அழித்துவிடுவாள். "குப்பையை வீடு வரைக்கும் சுமக்கணுமா?" என்பாள். எனக்கும் அதில் பெருமைதான். எங்கள் அக்காவின் கேமரா கார்டில் கழிக்க ஒன்றும் இருக்காது என்று கடைக்கு வருகிறவர்களிடம் பீற்றிக்கொண்டதுண்டு.

போன மழைக்காலத்தில் குடை பிடிக்கும் அந்தப் பெண் இறந்துபோனாள். நாலு நாள் காய்ச்சல். மண் சரிந்து பாதை மூடிக்கிடந்தது. வாசலில் ஜீப் நிற்க, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. எங்களுக்குத் தெரியவே தெரியாது. இரண்டு மாதம் கழித்து டிரைவர் பஸ் பிடித்து எங்கள் ஸ்டுடியோவுக்கே வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு படம் வேணும் மேடம்," என்றார். "போன தடவை நான் டயர் மாத்திட்டு இருந்தப்போ அவளை எடுத்தீங்களாமே. வீட்டுக்கு வந்து ஒரே பெருமை. என்கிட்ட இருந்ததெல்லாம் போன்ல இருந்துச்சு, அது மழைல போயிடுச்சு. அடையாள அட்டைல ஒண்ணு இருக்கு. போலீஸ் பிடிச்ச மாதிரி முழிக்கிறா. எங்க சின்னவ அதைப் பார்த்துட்டு, இது அம்மா இல்லைங்கறா."

அக்கா என்னைப் பார்த்தாள். அவரை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, இரண்டு பேரும் உள்ளறைக்குப் போனோம்.

பதினோரு வருஷத்துப் படங்களையும் கம்ப்யூட்டரில் திறந்தோம். பூ, பூ, பூ. ஒவ்வொரு பூவும் அப்படியொரு தெளிவு. பின்னால் நீலமாக ஒரு கலங்கல். அது அவள் ஸ்வெட்டர். சிலவற்றில் குடைக்காம்பும் மூன்று விரல்களும். முகம் எதிலும் இல்லை. அழித்ததை மீட்கிற மென்பொருளையும் போட்டுப் பார்த்தேன். பயனில்லை, அவளை எடுத்த கார்டில் அதற்குப் பிறகு மூன்று தடவை படம் நிரப்பியாகிவிட்டது.

"கார்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு," என்றேன். "அவருக்கும் மனசு ஆறும்." இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

அக்கா வெளியே வந்தாள். டீ அப்படியே ஆறிப்போய் அவர் கையில் இருந்தது.

"அண்ணே, கார்டு..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் அவளுக்குப் பொய் வரவில்லை. "நான்தான் அழிச்சுட்டேன். அன்னிக்கு சாயங்காலமே. அடுத்த வருஷம் நல்லதா ஒண்ணு எடுத்துக்கலாம்னு நினைச்சேன்."

"நல்லா வரலையா மேடம்?" என்று கேட்டார் அவர். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூட நாங்கள் தாங்கியிருப்போம்.

"எல்லாத்துலயும் கண்ணை மூடியிருந்தாங்க. எவ்வளவு சொல்லியும் முடியல. நான் கேமராவைத் தூக்கினாலே அவங்களுக்குச் சிரிப்பு வந்துடுச்சு."

"அவ சிரிச்சா கண்ணு மூடிக்கும் மேடம்," என்றார் அவர். "அதான் அவ மூஞ்சி."

அக்கா வாய்விட்டு அழுதாள். அப்பா போனபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. படம் எடுத்துக்கொள்ள வந்த ஒருவர் வாசலோடு திரும்பிப் போனார்.

டிரைவர் டீ கிளாஸை மேஜையில் வைத்தார்.

"எத்தனை எடுத்தீங்க?"

"பன்னெண்டு."

"பன்னெண்டுலயும் சிரிச்சாளா?"

"பன்னெண்டுலயும் சிரிச்சாங்க அண்ணே."

அவர் மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டார். "வீட்டுல போய்ச் சொல்றேன்," என்று எழுந்தார்.