வானத்திலிருந்து விழுந்த அம்மன்

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லையோர ஊர்கள் யாருக்கு என்று இழுபறி நடந்துகொண்டிருந்த சமயம். புத்தூர் பக்கத்தில் எங்கள் கொல்லையில் நான் வேர்க்கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தேன். பயணிகள் விமானம் ஒன்று இருமுகிற மாதிரி சத்தம் போட்டபடி தலைக்கு மேல் போனது. அதிலிருந்து முழ நீள இரும்புத் துண்டு விழுந்து, எனக்குப் பத்தடி தள்ளி மண்ணில் குத்தி நின்றது. மலைக்கு அந்தப்பக்கம் புகை எழும்பியது. ஒருவரும் பிழைக்கவில்லை என்று சாயங்காலம் தெரிந்தது.

அன்று ஆடி வெள்ளி. என்மேல் விழாமல் நிமிர்ந்து நின்றது அம்மனேதான் என்று நைனா அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டார். தினமும் உச்சி வேளையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. ஊற்றியதும் அது மெல்ல முனகும். வெயிலில் காய்ந்த இரும்பில் தண்ணீர் பட்டால் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் செத்தவர்கள் நினைப்பு வந்து, சொம்பைப் போட்டுவிட்டு ஓடிய நாளும் உண்டு.

விபத்தை விசாரிக்க அதிகாரிகள் வந்தார்கள். ஜீப்பில் வருகிறவர்கள் எல்லோருமே அப்போது எங்களுக்கு எல்லை அளக்க வந்தவர்கள்தான்.

"வாயத் தொறக்காத. கொல்லைல கல்லு நட்டுட்டுப் போயிடுவானுங்க" என்றார் நைனா.

ஏதாவது விழுந்ததா என்று அவர்கள் தெலுங்கில் கேட்டார்கள். "ஏமீ லேது சார்", ஒன்றுமில்லை என்று பொய் சொன்னது நான்தான்.

அடுத்த வாரம் இன்ஜினியர் ஒருவரோடு, விமானத்தை ஓட்டியவரின் மனைவி வந்தார். இடுப்பில் கைக்குழந்தை.

"எங்க வீட்டுக்காரர் தப்பா ஓட்டிதான் எல்லாரும் செத்தாங்கன்னு எழுதப் போறாங்கம்மா. நீ எதுனா பாத்தியா?"

அவர் கையைப் பிடித்து அம்மன் நின்ற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். "சாமி குத்தம் ஆயிடும்டி!" என்று நைனா பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார்.

இன்ஜினியர் துணியால் துடைத்தார். மஞ்சள் எல்லாம் போயிற்று. மயிரிழை மாதிரி ஒரே ஒரு மஞ்சள் கோடு மட்டும் போகவில்லை. நான் ஊற்றிய தண்ணீர்தான் விரிசலுக்குள் இறங்கியிருந்தது. செய்யும்போதே விழுந்த விரிசல் அது, அதில் தொடங்கித்தான் உடைந்திருக்கிறது, ஓட்டியவர்மேல் தப்பில்லை என்றார். பிற்பாடு விசாரணையிலும் அப்படியே முடிவாயிற்று.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "எத்தனை நாளா இங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"பன்னெண்டு நாளா" என்றேன்.

கடைசியில் எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. எனக்கும் வயதாகிவிட்டது. ஆனால் இன்றைக்கும் யாராவது "எனக்கு ஒன்னும் தெரியாது" என்று கையை விரித்தால் அந்த முனகல் காதில் கேட்கிறது. பன்னிரண்டு நாளும் அது என்னைப் பேசச் சொல்லித்தான் முனகியதோ என்று நெஞ்சு பதறுகிறது.