பூட்டு அக்காவின் அரைமணி நேரம்

எங்கள் மருத்துவமனையில் அவரைப் பூட்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளிகளின் விவரங்கள் அத்தனையும் இருக்கிற சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர். பக்கத்து மேஜையில் பிரிண்டர்களோடு மல்லுக்கட்டுகிறவன் நான். எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. சர்வருக்காக வைத்த குளிரில் அக்கா கோடையிலும் ஸ்வெட்டரோடுதான் இருப்பார். எல்லாம் ஓடுகிறவரை அவர் இருப்பதே யாருக்கும் தெரியாது, நின்றால் மட்டும் ஆளாளுக்கு வந்து கதவைத் தட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் அப்படி நின்றபோது அக்கா தன் மகளின் பள்ளி விழாவிலிருந்து பாதியில் எழுந்து வந்தார். மகள் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற வேண்டும். பதினோரு மணியிலிருந்து அரைமணி நேரம் பூட்டு. எல்லோரும் பார்க்கலாம், யாரும் எழுத முடியாது. அதற்குள் அக்கா எல்லாவற்றையும் பிரதி எடுத்துப் புதியதில் சேர்த்துவிடுவார். ஒரு வாரமாகச் சுற்றறிக்கை அனுப்பியும், பூட்டிய ஐந்தாவது நிமிடமே போன் அலறியது.

"எழுத முடியலையே!"

"எழுதத்தான் கூடாது. தாள்ல குறிச்சு வைங்க, அப்புறம் ஏத்திக்கலாம்."

இதையே பதினேழு பேரிடம் சொன்னார். தொண்டை கட்டிவிட்டது. லேபிலிருந்து மட்டும் போன் வரவில்லை. எங்கள் இருவருக்கும் அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

பதினொன்றரைக்குப் புதிய சர்வர் ஓடியது. அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது மூன்றாவது மாடித் தலைமை நர்ஸ் கூப்பிட்டார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"பதினாலாம் படுக்கைக்காரருக்குப் பொட்டாசியம் ஆறு புள்ளி நாலுன்னு பார்த்தேன். இப்போ காணோம். நேத்து வந்த ரெண்டு புள்ளி எட்டுதான் காட்டுது. குறைவா இருக்குன்னு இன்னொரு பொட்டாசியம் பாட்டில் ஏத்தச் சொல்லியிருக்காங்க. கையில வச்சுக்கிட்டு நிக்கறேன். நான் பார்த்தது நிஜம்னா, இதை ஏத்தினா இதயமே நின்னுடும்."

"எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?"

"பதினொன்னேகாலுக்கு மேல."

"அப்போ பூட்டியிருந்துச்சு. யாராலயும் எழுதியிருக்க முடியாது. வேற யாரோடதையாவது பார்த்திருப்பீங்க. ஸ்கிரீன்ல இருக்கறதுதான் சரி."

"எனக்குக் கண்ணு நல்லாவே தெரியும்."

அக்கா சலிப்போடு போனை வைக்கப் போனார். கை பாதியில் நின்றது.

"ஐயோ, லேபுக்குச் சாவி குடுத்திருக்கேனே!"

அந்தப் பூட்டு நிர்வாகியின் கணக்கைத் தடுக்காது. அவசரத்துக்கு ஒருவராவது உள்ளே போக வேண்டுமே என்ற ஏற்பாடு. நான்கு வருடத்துக்கு முன் முடிவுகள் ஏறவில்லை என்று லேப்காரர் தினமும் வந்து நச்சரித்தார். தொல்லை விட்டால் போதும் என்று அக்கா தன் நிர்வாகிக் கணக்கையே லேப் கம்ப்யூட்டருக்குப் போட்டுக் கொடுத்தார். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தார், அதற்கு நேரமே வரவில்லை. ஆக, ஊரே பூட்டிக் கிடந்தபோது லேப் மட்டும் பழைய சர்வரில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது, அக்கா பிரதி எடுத்த பிறகும்.

"ஏத்தாதீங்க! பாட்டிலைக் கீழ வைங்க!"

பழையதைத் திறந்தோம். புதியதில் இல்லாத ஒன்பது முடிவுகள். மூன்றாவது வரியில் பதினாலாம் படுக்கை, 6.4. மாலையில் அந்தச் சர்வரைத் துடைத்துவிடுவதாக இருந்தோம். அக்கா அந்த நோயாளிகளின் வார்டுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டு, கட்டிய தொண்டையோடு எண்களைப் படித்துச் சொன்னார்.

"லேப்தானே எழுதினாங்க? பழியை அவங்க மேல போட்டுடுங்க அக்கா," என்றேன்.

"சாவி என்னோடது," என்றார். அறிக்கையைத் தன் பெயரில் எழுதினார். லேபுக்குத் தனிக் கணக்கும் போட்டு முடித்தார். நான்கு வருடம் தள்ளிப்போட்ட வேலைக்கு இரண்டு மணி நேரம்தான் ஆயிற்று. சாப்பாடு டப்பாவில் காய்ந்து கிடந்தது.

ஐந்து மணிக்கு இருவரும் மூன்றாவது மாடிக்கு ஏறினோம். பதினாலாம் படுக்கைக்காரர் தலையணையில் சாய்ந்து மகளோடு எதற்கோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். தலைமை நர்ஸ் கோபப்படவில்லை.

"நான் உங்க பேச்சைக் கேக்கலைன்னு வருத்தம் இல்லையே?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா அப்படியே அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

பதினாலாம் படுக்கைக்காரர் சண்டையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"அழாதம்மா. உன் ஆளு யாராவது இங்க படுத்திருக்காங்களா?"

அக்கா ஆமாம் என்று தலையாட்டினார்.